ஒரே பெஞ்சில் நாத்தனார்

மருந்துக்கடை முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல சேதியைக்கூட வயிற்றைக் கலக்குகிற மாதிரி சொல்லும் வாய் அவருக்கு. ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் தூக்காததுமாக, கடையில் வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ இனிமே மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாதும்மா" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில் சேர்ந்த வேலை. இப்போது மகள் அவள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. சட்டத்தை இப்ப கெடுபிடியா பார்க்கறாங்க. ஃபார்மசி டிப்ளமா வெச்சிருக்கிறவங்கதான் மருந்து கொடுக்கணுமாம். மத்தவங்க பில் போடலாம், பெட்டி அடுக்கலாம், அவ்வளவுதான். நீ போய்ப் படிச்சிட்டு வா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இன்னொரு கடை திறக்கலாம்னு இருக்கேன். அதை உன் பொறுப்புல விட்டுடறேன்."

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் பள்ளி வேன் ஓட்டுபவன். எதையும் சிக்கனமாகப் பேசுவான். "படியேன்" என்றான். மாமியார்தான் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்: "நாப்பது வயசுல புத்தகப் பையா? நல்லாத்தான் இருக்கு!"

காலையில் கல்லூரி, மத்தியானத்துக்கு மேல் கடையில் பில் போடுவது என்று ஏற்பாடாயிற்று. முதல் நாள் வகுப்பில் நுழைந்தபோது பிள்ளைகள் சிலர் ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உட்காருங்கப்பா, நானும் உங்க கோஷ்டிதான்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்து நடந்தாள். நடந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

கடைசி பெஞ்சில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

கணவனின் தங்கை. வீட்டில் எல்லாருக்கும் பாப்பா. வயது முப்பத்தைந்தைத் தாண்டியும், இரண்டு பிள்ளை பெற்றும், பாப்பா பாப்பாதான். விமான டிக்கெட் போடும் ஓர் அலுவலகத்தில் ஏசி அறையில் வேலை. அண்ணியும் நாத்தனாரும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷமாகிறது. ஒருமுறை பாப்பா தன் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தை அதிகமாக ஊற்றியபோது, "இவ்வளவு வேணாம், அளவு குறை" என்று இவள் சொல்லப்போக, "நீங்க என்ன டாக்டரா? மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவங்கதானே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அதிலிருந்து இருவரும் ஒரே கூடத்தில் இருந்தாலும் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

இப்போது பாப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. வேறு இடம் காலியில்லை. இவள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

வகுப்பு முடிந்ததும் பாப்பா மாடிப்படியில் வழிமறித்தாள்.

"அண்ணி." அந்தச் சொல்லையே அவள் வாயால் கேட்டு நாளாகியிருந்தது. "வீட்ல சொல்லிடாதீங்க."

"என்னன்னு சொல்லக் கூடாது?"

"ஆபீஸை மூடிட்டாங்க. இப்பல்லாம் எல்லாரும் போன்லயே டிக்கெட் போட்டுக்கறாங்க. நாலு மாசம் ஆச்சு. அவருக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. கடைசியா கொடுத்த பணத்தைத்தான் சம்பளம்னு வீட்ல கொடுத்துட்டு வர்றேன். இனிமே காலையில இங்க, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் லைப்ரரி."

இவளுக்கு ஒரு நொடி உள்ளுக்குள் இனித்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பாப்பாவின் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருப்பைப் பார்த்ததும் அந்த இனிப்பு கரைந்துவிட்டது.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? ஆனா ரொம்ப நாள் மூடி வைக்க முடியாது பாப்பா" என்றாள்.

படிப்பு அவள் நினைத்த மாதிரி இல்லை. கடையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று கொஞ்சம் மிதப்பாகத்தான் வந்திருந்தாள். முதல் தேர்விலேயே அந்த மிதப்பு இறங்கிவிட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் கம்பெனி வைத்த பெயரையே எழுதியிருந்தாள். "அக்கா, இது டப்பா மேல இருக்கிற பேரு. டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு எழுதணும்" என்றார் ஆசிரியர். அவருக்கும் அவள் அக்காதான். சில மருந்துகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பிடச் சொல்லி எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறாள். ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒன்றிரண்டைத் தவறாகச் சொல்லி அனுப்பியிருப்பதும் தெரிந்தது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. வேதியியல் வகுப்பிலோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

பாப்பா அப்படியே தலைகீழ். பள்ளிக்கூடத்திலேயே நன்றாகப் படித்தவள். சமன்பாடுகளைக் கோலம் போடுவதுபோல் போட்டுவிட்டுப் போவாள்.

செய்முறை வகுப்பில் இருவர் இருவராகச் சேர்த்தபோது வயதை வைத்தே ஜோடி சேர்த்துவிட்டார்கள். கண்ணாடிப் பலகையில் களிம்பு கலக்க வேண்டும். முதல் வாரம், "அந்தத் தராசு கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தா நல்லாருக்கும்" என்று இவள் காற்றிடம் சொன்னாள். "அது வரும். களிம்பைச் சப்பாத்தி மாவு மாதிரி அழுத்தாம இருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்று காற்றே பதில் சொன்னது. பக்கத்து மேஜைப் பெண் களுக்கென்று சிரித்தாள். அதைக் கேட்டு இவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. களிம்பு அன்றைக்கு உருப்படவில்லை.

அதன்பின் பாப்பா வேதியியல் சொல்லிக்கொடுத்தாள், பொறுமையே இல்லாமல். "எத்தனை தடவை அண்ணி!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுக்க ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தது. பாப்பாவின் கணவனும் வந்திருந்தான். மாமியாருக்கு அன்று வாய் நிறைய மகள் பெருமை.

"என் பொண்ணு அலுங்காம குலுங்காம ஏசியில உட்கார்ந்து சம்பாதிக்கிறா. இங்க ஒருத்தி, பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடற வயசுல பையைத் தூக்கிட்டு ஓடறா. நாலு பேர் கேட்டா எனக்குத்தான் மானம் போகுது."

இவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், மாமியார் வாயடைத்துப் போவாள். கணவன் நிமிர்ந்து பார்த்தான். இவள் குழம்புக் கரண்டியை எடுத்து, யாரும் கேட்காமலே எல்லார் தட்டிலும் ஊற்றத் தொடங்கினாள்.

"அம்மா, போதும்" என்றாள் பாப்பா. "நானும் அங்கதான் படிக்கிறேன்."

"எங்க?"

"அண்ணி படிக்கிற காலேஜ்ல. அதே பெஞ்சு. எனக்கு வேலை போயிடுச்சும்மா. போய் ஒரு வருஷம் ஆகப்போகுது."

பாப்பாவின் கணவன் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். பாப்பா பின்னாலேயே ஓடினாள். "வேலை போனதுக்கா நான் கோவப்படறேன்? நான் என்ன, மூணாம் மனுஷனா?" என்று அவன் கேட்டது உள்ளே வரை கேட்டது. இரண்டு வாரம் அவன் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலை, கல்லூரி வாசலில் தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

மாமியார் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் மருமகளிடம், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியும் அத்தை."

"ம்" என்றாள். பையைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

இரண்டு வருஷப் படிப்பின் கடைசித் தேர்வு முடிவுகள் வந்தன. பாப்பா எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். இவள் வேதியியலில் மட்டும் தோற்றாள். மீண்டும் எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக் கடையோ அடுத்த மாதம் திறப்பு.

முதலாளி தலையைச் சொறிந்தார். "நான் என்னம்மா பண்றது? டிப்ளமா இல்லாம லைசென்ஸ் தர மாட்டாங்களே. தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

அவள் அந்தக் கடையின் அலமாரி எப்படி இருக்க வேண்டும் என்றுகூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். யாரும் இல்லை என்று சொல்லிவிடலாம். முதலாளி வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார். மத்தியானம் முழுக்க பில் போட்டாள். இரண்டு பில் தப்பாகப் போட்டாள். கடை மூடும்போது, "என் நாத்தனார் இருக்கா சார். கெட்டிக்காரி. ஆனா வர்றவங்ககிட்ட முகம் கொடுத்துப் பேச வராது, நான்தான் பழக்கணும்" என்றாள்.

பாப்பா கேட்டதும் முடியாது என்றாள். "அது உங்க கடை அண்ணி. நான் எப்படி உட்காருவேன்?"

"எனக்கும் பிடிக்கலதான். மனசார சொல்றேன்னு நினைச்சுக்காதே" என்றாள் இவள். "ஆனா காலியா விட்டா வேற யாரோதான் உட்காரப் போறாங்க. பேசாம போய்ச் சேரு. சாயங்காலம் வந்து எனக்கு வேதியியல் சொல்லிக்கொடு. தலையில அடிச்சுக்காம."

பாப்பா சேர்ந்தாள். சாயங்காலங்களில் வந்தாள். தலையில் அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் முடியவில்லை. அடுத்த தேர்வில் இவள் தேறினாள், மயிரிழையில். அதற்குள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். முதலாளியே, "இங்க இருந்தா என்கிட்டயேதான் கிடப்பே, அங்க போம்மா" என்று கைப்படச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். நேர்காணலில் தடுமாறினாள், திணறினாள், இருந்தாலும் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக் கோட்டு கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. மகள் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

இப்போது மாமியாருக்கு முழங்கால் வலி. காலையில் மகளுக்குப் போன் போட்டு எந்த மாத்திரை என்று கேட்கிறாள், சாயங்காலம் மருமகளிடம் அதையே கேட்கிறாள். இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுச் சொல்றீங்க" என்று சொல்லி, எந்த மாத்திரையும் சாப்பிடாமல் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறாள்.