மெதுவாக ஓடிய பாட்டு

பாட்டு பாதி ஓடுவதற்குள் ரெங்கானிஸ் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். இது அவளுடைய பாட்டே இல்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு வேறு. அதில் கிடார் தயங்கித் தயங்கி வரும். பாடுகிறவன் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மழையில் நனைந்த ஆள் வீடு திரும்புவதுபோல நடந்து வரும். இருப்பது ஒரே ஒரு கால்சட்டை, அதுவும் காயவில்லை, உன்னைப் பார்க்க எப்படி வருவேன் என்று அவன் கேட்கிற இடத்தில் அவள் நிறுத்தி, அந்த வரியை மறுபடி சுற்றிக் கேட்பாள். இன்றைக்குக் கேட்டதிலோ டிரம்ஸ் குதிரை மாதிரி ஓடியது. மீசை அரும்பாத பையன் குரலில், சிரிப்பை அடக்கிக்கொண்டு எவனோ அதே வரிகளைப் பாடினான். சுத்தக் கேலிப்பாட்டு.

அதைப் பாடிய குழுவின் பெயர் ஜெமுரான். இந்தோனேசிய மொழியில் காயப்போட்ட துணி என்று அர்த்தம். அவர்கள் ஊரான பான்டுங்கின் மழைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இருபது வருஷத்துக்கு முன்னால் கைக்காசைப் போட்டு ஒரே ஒரு கேசட் வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கடைக்கு வராத கேசட் அது. ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தர் பதிவுசெய்துகொண்டதுதான். ரெங்கானிஸுக்குத் தோழியின் அண்ணன் பதிவுசெய்து கொடுத்தான். கச்சேரிக்கெல்லாம் அம்மா அனுப்பவில்லை. வீட்டில் யாரும் சீந்தாத பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று மூலையில் கிடந்தது. அதைக் கட்டிலருகே இழுத்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் அந்தக் கேசட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவாள், வரைவாள். பாட்டு போகிற வேகத்துக்குத்தான் பென்சில் போகும்.

அப்படி வந்ததுதான் அவள் படங்களில் இருக்கிற நீளநீளமான ஆட்களும், தொங்கும் சட்டைக் கைகளும், அவசரமே இல்லாத மழையும். இன்று ஜகார்த்தாவிலிருந்து தேடி வந்து புத்தக அட்டைக்குப் படம் கேட்கிறார்கள் என்றால் அதற்காகத்தான். யார் பேட்டி எடுத்தாலும், எனக்கு வரையக் கற்றுக்கொடுத்தது ஜெமுரான் என்பாள்.

அப்படி ஒரு பேட்டியைப் படித்துவிட்டுத்தான் அந்தக் குழுவின் பாடகர் ஹெர்லான் அவளைத் தேடிப் பிடித்தார். கேசட்டை மறுபடி வெளியிடுகிறோம், அட்டைப்படம் நீதான் போட வேண்டும் என்றார். அன்றைக்கு அவள் சாப்பிடவே மறந்துபோனாள். மூல டேப்பைத் துடைத்துச் சுத்தம் செய்து அவர் அனுப்பிவைத்த பாட்டைத்தான் இப்போது கேட்டாள்.

போன் போட்டு, ஏன் கங் பாட்டை மாற்றினீர்கள் என்று மெல்லக் கேட்டாள். அண்ணன் என்பதற்கு அந்த ஊரில் கங். ஒரு சுரத்தைக்கூடத் தொடவில்லை என்று சத்தியம் செய்தார் அவர். வேறு யார் பாட்டையாவது நினைத்துக்கொண்டிருக்கிறாயா என்று சிரிக்கவும் செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டைக்காக வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள். ஒரு கோடுகூட விழவில்லை.

மறுநாள் காலை அந்தப் பழைய டேப் ரெக்கார்டரை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஹெர்லான் இருக்கும் சிக்குத்ராவுக்கு வேன் ஏறினாள். போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு, என்னால் வரைய முடியாது என்று சொல்லிவிட வேண்டியது.

ஹெர்லானுக்கு இப்போது டி-ஷர்ட் அச்சடிக்கிற பட்டறை. பின்னறையில் பழைய டிரம்ஸ், பழைய கிடார். குழுவில் டிரம்ஸ் அடிக்கும் செப்பி தன் இறைச்சி உருண்டை சூப் கடையை மூடிவிட்டு, ஒரு பொட்டலம் சூடான காய்கறி பஜ்ஜியோடு வந்து உட்கார்ந்திருந்தார். ரெங்கானிஸ் கேசட்டைப் போட்டாள்.

நாலு வரி ஓடுவதற்குள் செப்பி பஜ்ஜியைக் கீழே வைத்தார். "என்னடா இது, நம்ம பாட்டுக்கே கருமாதி நடத்தின மாதிரி இருக்கு?"

பாட்டை நிறுத்தி, பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு நிமிண்டிப் பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார். உள்ளே ரப்பர் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. மோட்டார் சுற்றுகிற வேகம் முழுசாகக் கேசட்டுக்குப் போய்ச் சேராமல் பாதி வழியிலேயே வழுக்கிப் போயிருக்கிறது. கேசட் சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக ஓட, குரலும் தடித்து இறங்கியிருக்கிறது.

"நீ கேட்டது எங்களை இல்ல நெங். இந்த ரப்பரை," என்றார், தங்கச்சியிடம் பேசுகிற குரலில்.

ரெங்கானிஸுக்கு முகம் சுண்டிப்போனது. எத்தனை பேட்டிகள், எத்தனை மேடைகள். ஒரு பழைய ரப்பருக்கா அவ்வளவு நன்றி சொன்னோம் என்று இருந்தது.

"மன்னிச்சிடுங்க கங்," என்றாள் ஹெர்லானிடம். "இத்தனை வருஷமா நான் வரைஞ்சதெல்லாம் இதைக் கேட்டுத்தான். உங்க பாட்டு வேற. அதுக்கு எனக்குக் கை வரல. வேற யாரையாவது பாருங்க."

ஹெர்லான் செப்பி பக்கம் திரும்பினார். மூடியைப் பழையபடி மாட்டச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் மெதுவாகக் கூடவே பாட ஆரம்பித்தார்.

செப்பி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியும். வெளியீட்டுக் கச்சேரிக்காக ஒரு மாதமாக இதே அறையில் ஒத்திகை நடக்கிறது. மூலப் பாட்டின் உச்சஸ்தாயிக்கு ஹெர்லானின் குரல் எட்டவே இல்லை. கிராம்பு சிகரெட்டும் வயசும் சேர்ந்து தொண்டையை இறக்கிவிட்டன. கிழவன் மாடிப்படி ஏறுகிற மாதிரி இருக்கிறது என்று செப்பியே கிண்டல் செய்திருக்கிறார். கச்சேரி வேண்டாம், கேசட் மட்டும் போதும் என்று போன வாரம்தான் ஹெர்லான் சொல்லியிருந்தார். இப்போது பெட்டியிலிருந்து வந்த குரலும் அவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தி உட்கார்ந்தன. எந்த இடத்திலும் அவர் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"செப்பி, இது நான் அப்பப் பாடினது இல்லடா," என்றார். "இப்பப் பாடறது."

செப்பி இரண்டு விரல்களால் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். "இந்த வேகத்துல அடிச்சா எனக்கும் மூச்சு வாங்காது."

கேசட்டில் பழைய பாட்டே இருக்கட்டும், அது அந்தக் காலத்தில் நாம் இருந்த பையன்கள் பாடியது, அதில் கைவைக்கக் கூடாது, மேடையில் மட்டும் இப்படிப் பாடுவோம் என்றார் ஹெர்லான். அட்டையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

ரெங்கானிஸ் அவரையே பார்த்தாள். கைவிரல்களில் சாயக்கறை, சரிந்த தோள், சட்டைப் பட்டனை இழுத்துப் பிடிக்கிற தொப்பை. பட்டறையில் கிடந்த கழிவுத்தாள் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்தாள். கை போன வேகம் அவளுக்கே புதிதாக இருந்தது. நேற்று ஹெட்போனில் கேட்ட அந்தக் குறும்புப் பாட்டின் வேகம் அது. கோடுகள் குட்டையாக, துள்ளலாக, ஒன்றையொன்று முந்திக்கொண்டு விழுந்தன. அந்தப் பையன்களின் அவசரத்தில் இந்த மனிதர் தாளில் வந்து நின்றார்.

"கங், கொஞ்சம் அசையாம இருங்க," என்றாள்.

செப்பி எட்டிப் பார்த்தார். "தொப்பையைக் குறைச்சுப் போடு நெங். கேசட் அட்டை சின்னது, இடம் பத்தாது."

ஹெர்லான் கண்ணைத் திறக்கவில்லை. "சும்மா இருடா," என்றார். "அடுத்த சரணம் வருது."