துரைராஜின் சட்டை நிறம்

ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு இறங்கியவர், செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

சாரத்தின் உச்சிப் பலகையில் நின்று மூக்கோரத்து நிழலைத் தேய்த்துக்கொண்டிருந்த தமிழ்நிலாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பட்டினப்பாக்கத்துக் குப்பம், ஹவுசிங் போர்டு பிளாக்கின் பக்கச் சுவர், அதில் மேலிருந்து கீழ்வரை ஒரே முகம். இந்த பிளாக்கிலேயே குடியிருக்கும் மீனவர் துரைராஜின் முகம். கறுப்பு, வெள்ளை, நடுவில் வரும் சாம்பல்கள், அவ்வளவுதான் நிறம். தலையைச் சுற்றி மட்டும் வலையில் கட்டும் ஆரஞ்சு மிதவைகளை வட்டமாகக் கோத்து இன்று விடிகாலையில்தான் வரைந்து முடித்திருந்தாள். வழியில் போகிறவர் செருப்பைக் கழற்றுகிற அளவுக்குப் படம் வந்துவிட்டது என்றால் சும்மாவா?

"எப்போம்மா தவறுனாரு?" என்றார் ஆட்டோக்காரர்.

"யாரு?"

"இவருதான். பாவம், சின்ன வயசா கீறாரு. ஆக்சிடெண்டா?"

பிரஷ் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. "அண்ணா, அவரு உசுரோட கீறாருண்ணா! கடலுக்குப் போயிருக்காரு!"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. கறுப்பு வெள்ளையில மூஞ்சி, சுத்தி சாமந்தி மால... கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரியே இருந்துச்சா, அதான்." செருப்பை மாட்டியும் மாட்டாமலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் போய்விட்டார். ஆனால் சாரத்துக்குக் கீழே காலி மீன் கூடையோடு ஜெசிந்தா நின்றிருந்தாள். துரைராஜின் மனைவி. அவ்வளவையும் கேட்டிருந்தாள்.

மற்ற படகுகள் எல்லாம் கரையேறி, மீன் விற்று, வலையும் காயப்போட்டாகிவிட்டது. துரைராஜின் ஃபைபர் படகு மட்டும் இன்னும் வரவில்லை. கூடப் போக வேண்டியவர் காய்ச்சலென்று படுத்துவிட்டதால் இன்று அவர் தனியாகப் போயிருந்தார். போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

தமிழ்நிலா மெல்லத் திரும்பித் தன் படத்தையே புதிதாகப் பார்த்தாள். டி.நகர் பஸ் ஸ்டாண்டில், மாம்பலம் ஸ்டேஷன் சுவரில், எத்தனை போஸ்டர் பார்த்திருக்கிறாள். நேற்றுவரை பாதி முகம், அதனால் யாருக்கும் தோன்றவில்லை. "மீச பத்தாது தமிழு, இன்னும் கொஞ்சம் முறுக்கு" என்று துரைராஜே கீழே நின்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆரஞ்சு வளையம் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

இன்று 'கரைச்சுவர்' விழாவின் கடைசி நாள். ஊரில் புதிதாக வரைய வந்திருக்கும் எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு சுவர். நாலு மணிக்கு நடுவர்கள் வருவார்கள். தேர்வாகிறவருக்கு ஆழ்வார்பேட்டையில் ஓர் அறை, ஒரு வருஷத்துக்கு. ஜன்னல் வைத்த அறை. வரைவதற்கு மட்டும். பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் நாலு பேர் படுக்கும் ஒற்றை அறையில், எல்லோரும் தூங்கப்போகும் முன் ஈரப் படத்தை எங்கே சாய்த்துவைப்பது என்று தினமும் சண்டை போடும் தமிழ்நிலாவுக்கு அது சொர்க்கம். அடையாறு ஆற்றங்கரையிலிருந்து அவர்களைக் கிளப்பிக் கொண்டுபோய் அங்கே போட்டதிலிருந்து அவள் கேட்பது அந்த ஒன்றைத்தான். இது போனால் மறுபடியும் ரங்கநாதன் தெருப் புடவைக்கடையின் மூன்றாவது மாடியில் அதே சேல்ஸ் வேலை. நாளைக்கு வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சுப்புராயன் முன்பே சொல்லிவிட்டார்.

"இன்னாமே இது!" என்று வந்தாள் ஆரோக்கியமேரி. துரைராஜின் அக்கா. அவள் குரல் எப்போதும் மூன்று பிளாக்குக்குக் கேட்கும். "ஆளு கடல்ல கீறான், இங்க அவனுக்கு மால போட்டுட்டியா? இதுக்குத்தான் மூணு நாளா டீயும் போண்டாவும் வாங்கிக் குட்த்தோமா?"

"அது மாலை இல்லக்கா, மிதவை..."

"யாருகிட்ட காது குத்துற? எறங்கி வா, உன் மூஞ்சிய அதுக்குள்ள வெச்சுக் காட்டு, மாலையா மிதவையான்னு நான் சொல்றேன்!"

ஜெசிந்தா சுவருக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தமிழ்நிலாவுக்கு.

துரைராஜின் தம்பி கோபால் இன்னொரு படகில் தேடக் கிளம்பினான். போகும்போது அவனும் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெயில் ஏற ஏறச் சாரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. சாரம் உயரம் என்பதால் கடல் அவளுக்குத்தான் தூரம்வரை தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கீழிருந்து கேள்வி வந்தது. "மேல இன்னா தெரியுது?" ஒவ்வொரு தரமும் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

விழாவை நடத்தும் ஷீலா ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது விஷயம் அவள் காதுக்கு எட்டியிருந்தது. "தமிழ், கேளு. நாலு மணி வரைக்கும் தொடாதே. ஜூரி பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ. இந்தப் பிளாக் அண்ட் ஒயிட்தான் உன் பலம். மத்த ஏழு சுவரையும் பாத்துட்டேன், உன்னுதுதான் முன்னாடி நிக்குது."

"ஷீலா மேடம், அவரு இன்னும் வரலை."

"வந்துடுவாரு. வந்துட்டா எல்லாரும் சிரிப்பீங்க. அதுக்காக ஒரு வருஷத்தை விடுவியா?"

வராவிட்டால் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"வெள்ளை அடிச்சுடு," என்றாள் ஆரோக்கியமேரி. "மொத்தமா."

"ஏய், சும்மாரு!" என்று கூட்டத்தில் முனியம்மாள் சீறினாள். "கடல்ல கீற ஆளு மூஞ்சிய அழிக்கச் சொல்றியே, கூறு கீதா உனக்கு? வெச்சாலும் தப்பு, அழிச்சா அதவிடத் தப்பு."

முனியம்மாள் சொன்னதில் இருந்த நியாயம் தமிழ்நிலாவின் கையைக் கட்டிப்போட்டது. விடவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கீழே ஜெசிந்தாவின் முதுகு. மேலே சாம்பல் நிறத்தில், சுவர் அகலத்துக்கு, சிரிக்கும் துரைராஜ்.

அவள் திடீரென்று பலகையில் மண்டியிட்டுக் குனிந்தாள். "யக்கா! யார் வூட்லயாவது போட்டுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் கீதா? எந்தக் கலரானாலும் பரவால்ல!"

"எதுக்கு?"

"அவருக்கு உசுரு குடுக்கணும். சீக்கிரம்!"

குப்பத்தில் எந்த வீட்டுப் பரணைத் துழாவினாலும் பாதி டப்பா படகுப் பெயிண்ட் கிடைக்கும். சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, காவி வந்தது, கடல் மாதிரியே ஒரு நீலம் வந்தது. மூடி இறுகிப்போனதை ஆரோக்கியமேரியே மீன் அரியும் கத்தியால் நெம்பித் திறந்தாள்.

பக்கத்து பிளாக்கில் வரைந்துகொண்டிருந்த மயிலாப்பூர்ப் பையன் ஸ்ரீகிருஷ்ணா ஓடி வந்தான். "லூசா நீ? உன் எமல்ஷன் மேல இந்தப் படகு எனாமல் அடிச்சா வழியும்டி. மினுமினுன்னு கோலிக்குண்டு மாதிரி ஆயிடும். மூணு நாள் வேலை நாசம்."

"வழிஞ்சா வழியட்டும் மச்சி. அந்தப் பட்ட பிரஷை வெச்சுட்டுப் போ."

அவன் தலையில் அடித்துக்கொண்டு பிரஷை மேலே தூக்கிப் போட்டான். ஷீலா, "தமிழ், வேணாம், ப்ளீஸ்" என்றாள். தமிழ்நிலா முதல் கோட்டைக் கன்னத்தில் இழுத்தாள். காவியும் மஞ்சளும் குழைத்த, வெயிலில் காய்ந்த தோலின் நிறம். சாம்பல் கன்னம் ஒரு பக்கம் சட்டெனச் சூடானது. எதை மூன்று நாள் தூங்காமல் சாம்பல் சாம்பலாக அடுக்கினாளோ அதன்மேலேயே கோடு வழிந்து இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கோட்டை இழுத்தாள்.

வளையத்தையும் உடைத்தாள். பாதியை வெள்ளையால் மூடி, மீதியை மிதவைக் கயிறாக்கித் தோளில் தொங்கவிட்டாள். கழுத்துக்குக் கீழே வந்ததும் நின்றாள்.

"ஜெசிந்தாக்கா! காலையில அண்ணன் என்ன கலர் சட்டை போட்டுக்கினு போனாரு?"

ஜெசிந்தாவின் தோள் குலுங்கியது. அப்போதுதான் முதல்தரமாகத் திரும்பினாள். "மெரைன் போலீஸ் கேக்கற கேள்விய நீ கேக்கறியே, பொண்ணு."

தமிழ்நிலாவுக்கு ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"நீலம்," என்றாள் ஜெசிந்தா கடைசியில். "நேத்து நான் தொவைச்சுப் போட்ட நீலச் சட்ட. அதத்தான் போட்டுருப்பாரு."

நீலம் அடித்தாள்.

நாலு மணிக்கு நடுவர்கள் வந்தபோது ஒரு கண் முடிந்திருந்தது. வெள்ளையில் ஓரம் கொஞ்சம் சிவப்பு, கருவிழியில் ஒரு பொட்டு வெளிச்சம். இன்னொரு கண் பழைய சாம்பல். ஒரு பக்கம் உயிர், ஒரு பக்கம் போஸ்டர். அப்படியே விட்டுவிட்டு இறங்க அவளால் முடியாது.

கதர் ஜிப்பா போட்ட நடுவர் நிமிர்ந்து பார்த்து முகம் சுளித்தார். ஷீலா அவசர அவசரமாகப் போனில் காலையில் எடுத்த படத்தைக் காட்டினாள். "இதுதான் சார் ஒரிஜினல். ஒரு சின்ன சூழ்நிலை. ஆர்ட்டிஸ்ட்டே வந்து சொல்லுவாங்க. தமிழ், இறங்கி வா! ரெண்டு நிமிஷம் பேசு, போதும். ஒத்துப்பாங்க!"

ஷீலா பொய் சொல்லவில்லை என்று தமிழ்நிலாவுக்குத் தெரிந்தது. ஜிப்பாக்காரர் அந்தப் போனைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். ஏணியில் இறங்கினால் அறை கிடைக்கலாம். பலகையின் விளிம்புக்கு ஒரு காலை நீட்டியும்விட்டாள்.

அப்போதுதான் கடலில் புள்ளி தெரிந்தது.

"ரெண்டு போட்டு," என்றாள். குரல் வெளியே வரவில்லை. திரும்பக் கத்தினாள். "யக்கா! ரெண்டு போட்டு வருது! முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு!"

கூட்டம் ஒரேயடியாகச் சாரத்தை நெருக்கியது. சாரம் ஆடியது.

"கோபாலு கட்டி இழுத்துக்கினு வரானா?"

"ஆமா. கயிறு தெரியுது."

"பின்னாடி போட்டுல ஆளு கீறாரா?" இது ஜெசிந்தா.

தமிழ்நிலா கண்ணைச் சுருக்கினாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கூசியது. பின்னால் வரும் படகு ஏறுகிறது, இறங்குகிறது, உள்ளே எதுவும் தெரியவில்லை.

"தமிழ், அவங்க கிளம்பறாங்க!" என்றாள் ஷீலா.

"சொல்லும்மா!" என்றாள் ஜெசிந்தா.

நீட்டிய காலை இழுத்துக்கொண்டு பலகையில் நிமிர்ந்து நின்றாள் தமிழ்நிலா. ஒரு கையால் சாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தினாள். படகு ஓர் அலையில் ஏறியது. உள்ளே வலைக்குவியல் மாதிரி ஏதோ. அந்தக் குவியல் எழுந்து உட்கார்ந்தது.

"ஆளு கீறாரு! உக்காந்துக்கினு கீறாரு!" என்று கத்தியவள், உடனே நிறுத்தினாள். "ஆனா... பச்ச சட்ட போட்டுக்கீறாருக்கா."

ஜெசிந்தாவின் முகம் வெளுத்தது. "பச்சையா? நீலம்தானே? நல்லாப் பாரு. வேற யாராச்சுமா?"

கயிற்றில் இழுபட்டுக்கொண்டு படகு மெல்ல, மிக மெல்லக் கிட்டே வந்தது. பச்சைச் சட்டைக்காரர் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, கரையிலிருந்த சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி மேலுதட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் முறுக்கிக் காட்டினார்.

"மீச!" என்று அலறினாள் தமிழ்நிலா. "மீசய முறுக்குறாரு! அண்ணன்தான்க்கா!"

கூடையைப் போட்டுவிட்டு ஜெசிந்தா ஓடினாள். பின்னாலேயே மொத்தக் குப்பமும். எதிர்ப்பக்கம், அடுத்த சுவரை நோக்கி நடுவர்கள் நடந்தார்கள். ஷீலா ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, கையை விரித்துவிட்டு, அவர்கள் பின்னால் போனாள்.

சாரத்தடி காலி. தமிழ்நிலா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத அந்த நேரத்தில், இரண்டாவது கண்ணை முடித்தாள்.

இறங்கி வந்தபோது துரைராஜ் படகு விளிம்பில் உட்கார்ந்து சோறு அள்ளிக்கொண்டிருந்தார். இன்ஜின் மக்கர் பண்ணி, போன் தண்ணியில் விழுந்து, தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். ஆரோக்கியமேரி இடைவிடாமல் திட்டிக்கொண்டே மீன் துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

"ஏம்மா தமிழு, சட்ட கலரு தப்பு," என்றார் வாயில் சோற்றோடு.

"உன் பொண்டாட்டிதான்ணா நீலம்னு சொல்லிச்சு."

"நீலம் எங்க காஞ்சுது? ஈரமா இருந்துச்சி. இருட்டுல கைக்குக் கெடைச்சதப் போட்டுக்கினு போனேன். சரி, அது ஏன் எனக்கு மூஞ்சி பூரா வேர்த்து வழியுது?"

"பெயிண்ட் வழிஞ்சிடுச்சுண்ணா."

"நல்லாத்தான் கீது. வேல செஞ்சவன் மாதிரி."

போன் அடித்தது. ஷீலா. ஸ்ரீகிருஷ்ணாவின் சுவரைத் தேர்வு செய்துவிட்டார்கள். "நான் ரொம்பப் பேசிப் பாத்தேன், தமிழ்" என்றாள். "தெரியும் மேடம்" என்று வைத்தாள். ஆழ்வார்பேட்டை அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

ஜெசிந்தா படகிலிருந்த மண்ணெண்ணெய்க் கேனை எடுத்து, கந்தல் துணியை நனைத்து, கேட்காமலேயே அவள் கையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். விரலிடுக்கில், நகத்தடியில், முழங்கைவரை நீலம்.

"நாளைக்குக் கடையில பொடவயத் தொடணுமில்ல? இந்தக் கையோட போனா அந்த சூப்பரைசரு உன்ன உள்ளயே விடமாட்டான்."

"எரியுதுக்கா."

"எரியும். கைய நல்லா நீட்டு. உனக்கு என்னிக்கு லீவு?"

"புதன்."

"புதன் வா. பச்ச பெயிண்ட் டப்பா ஒண்ணு வாங்கி வெக்கிறேன்," என்று சொல்லி, ஜெசிந்தா அடுத்த கையைப் பிடித்தாள்.