முதல்ல என்னைத்தான் கேக்கணும்

துக்கம் விசாரிக்க வந்த பல் டாக்டர் கூடத்தில் கொஞ்ச நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணி, அந்த ரூம்ல ஈரம் ஏறாம பாத்துக்குங்க."

"சுவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நான் சுவரைச் சொல்லல."

அவர் சொன்னது பேஸ் கிட்டாரை. நாலு தடித்த தந்திகள், காய்ந்த ரத்தம் போன்ற பழுப்பு நிறம், வலது கை உரசி உரசி விளிம்பில் மரம் தெரிந்த உடல். அவள் கணவர் போனபின்பு அது பின்னறை மூலையில் தன் தாங்கியில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வீட்டில் நடந்தது எதுவும் தனக்குத் தெரியாது என்பது போன்ற ஒரு நிற்பு.

அந்தப் பின்னறையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் கூடுவார்கள். கணவர் பேஸ், பல் டாக்டர் கிட்டார், அவளுடைய கொழுந்தன் கீபோர்டு. டிரம்ஸ் வாசிப்பவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பாட்டு வேகமெடுக்கும் இடத்திலெல்லாம் தன்னையறியாமல் வலது காலை அழுத்தி எல்லோரையும் நிறுத்திவிடுவதால் அவருக்கு பிரேக் என்று பெயர். இத்தனை வருடத்தில் நால்வரும் வெளியே வாசித்தது ஒரே ஒரு தடவை, யாரோ ஒருவரின் பணி ஓய்வு விருந்தில். பேச்சு கேட்கவில்லை, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள் என்று அங்கே சொன்னார்கள். அதை இவர்கள் ஒரு கச்சேரி என்றே கடைசிவரை சொல்லி வந்தார்கள்.

அவளுக்கு அந்தச் சத்தம் ஒரு தொல்லை. பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் ஒன்றுதான். அதிலும் கணவர் ஒரு மெதுவான பாட்டை எடுத்தாரென்றால், ஏறி ஏறி ஓரிடத்துக்கு வந்து நிற்பார். சத்தம் அங்கே பொட்டென்று அணைந்துவிடும். திரும்ப ஆரம்பிப்பார். "மறுபடியும் முதல்லேருந்தா?" என்று இவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கத்துவாள். "இதோ, இந்த ஒரு தடவைதான்" என்று அங்கிருந்து பதில் வரும். போன வருடம் என்ன மாயமோ, அந்த இடத்தில் நிற்காமல் வாசித்துவிட்டார். "இப்பதான் கை படிஞ்சிருக்கு" என்று இவள் மனதாரச் சொன்னாள். அவரும் அடக்கமாகத் தலையை ஆட்டி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார்.

விற்பதானால் முதலில் தன்னைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டர் போன மறுநாள் பிரேக் வந்தார்.

"அக்கா, சொல்லக் கூடாத நேரம்தான். ஆனா அந்த பேஸை நான் உங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கும்போதே ஒரு வார்த்தை வாங்கியிருந்தேன். விக்கிறதா இருந்தா முதல்ல என்னைத்தான் கேக்கணும்னு."

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு."

"அவரா?" பிரேக் முகம் சுருங்கியது. "அவரு எனக்கு முன்னாடி வித்தவரு. அதெல்லாம் காலாவதி ஆயிடுச்சு."

மாலையில் கொழுந்தன் வந்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எதையும் சுற்றி வளைத்தே பேசுவான். வானிலை, உடல்நலம், வீட்டுக் கூரை எல்லாம் முடித்துக் கடைசியில், "அண்ணன் எனக்கு ஒரு வாக்கு குடுத்திருக்கு, அண்ணி" என்றான்.

"முதல்ல உன்னைத்தான் கேக்கணும். அதானே, தம்பி?"

"அண்ணன் சொல்லியிருக்கா உங்ககிட்ட?" என்று அவன் கண் கலங்கிவிட்டான்.

நடந்தது இதுதான். அந்த பேஸ் இந்த நாலு பேருக்குள்ளேயே பல வருடமாகச் சுற்றி வந்திருக்கிறது. டிரம்ஸ்காரருக்கும் கீபோர்டுக்காரனுக்கும் பேஸ் எதற்கு என்று கேட்கக் கூடாது. வாசிக்கத் தெரிந்தவர்தான் வாங்க வேண்டும் என்று விதி வைத்தால் இந்த வியாபாரமே படுத்துவிடும். ஒருவர் வாங்குவார். சில மாதம் கொஞ்சுவார். பிறகு ஏதோ ஒரு காரணம் சொல்லி இன்னொருவர் தலையில் கட்டுவார். கட்டிய மறுவாரமே அதன் குரல் காதிலேயே நின்று, ஏன் கொடுத்தோம் என்று மனது அடித்துக்கொள்ளும். அதனால் விற்கும்போதே அந்த ஒரு வார்த்தையை வாங்கி வைத்துக்கொள்வது அவர்களுக்குள் வழக்கம். அவள் கணவர் மூவரிடமும் வாங்கியிருக்கிறார். மூவருக்கும் வார்த்தை கொடுத்திருக்கிறார். மனுஷர் யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் கேட்க வேண்டிய நிலைமை வருவதற்கு முன்னால் போய்விட்டார், அவ்வளவுதான்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் கறாராகச் சொன்னாள். "அம்மா, அதை யாருக்காவது குடுத்துடு. ரூமைக் காலி பண்ணி வாடகைக்கு விடலாம். தனியா இருக்கே, ஒரு துணையாவும் இருக்கும்."

அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும் வரை.

அன்று காலை மூவரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றார்கள். யாருக்குப் பாத்தியதை என்று பேசி முடிக்க வந்தவர்கள், பேஸின் கழுத்து லேசாக வளைந்திருப்பதைக் கண்டதும் பேச்சை விட்டுவிட்டார்கள். பல் டாக்டர் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கழுத்துக்குள் ஓடும் கம்பியைச் சின்னச் சாவியால் கால் திருகு திருகினார். பிரேக் எண்ணெய் தொட்டு மரத்தைத் துடைத்தார். கொழுந்தன் தந்தியை மாற்றலாமா என்று கேட்டு இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். பழைய தந்தியில்தான் குரலே இருக்கிறதாம். பிறகு, சும்மா சரிபார்க்க என்று ஆம்ப்ளிஃபையரைப் போட்டார்கள்.

அவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. அந்தக் கிணுகிணுப்பை நிறுத்துவதற்காக வருடக்கணக்கில் டம்ளர்களுக்கு நடுவே துணி வைத்தவள், அன்று துணியை எடுத்துவிட்டு நின்று கேட்டாள். இத்தனை நாளும் வீட்டில் எது குறைகிறது என்று தெரியாமல் விளக்கை மாற்றிப் போட்டுப் பார்த்தாள், கட்டிலை நகர்த்திப் பார்த்தாள். இதுதான் குறைந்திருக்கிறது.

பேஸ் போய்விட்டால் இந்த மூவரும் இந்த வீட்டுக்கு எதற்கு வருவார்கள்? பேஸ் வாசிக்க ஆளில்லாத கோஷ்டியைக் கலைத்துவிடலாம் என்று அவர்கள் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்கள். வாருங்கள் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அத்தனை வருடம் சத்தத்தைக் குறையுங்கள் என்று சொன்ன வாய்.

ஆகவே அவள் முடிவு சொல்லாமல் இருந்தாள். "யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன்" என்றாள். அடுத்த வாரம், "ஒருத்தருக்குக் குடுத்தா மத்தவங்க மனசு கஷ்டப்படுமே" என்றாள். அதற்கடுத்த வாரம் பேஸில் ஏதோ இரைச்சல் வருகிறது என்றாள். மூவரும் பதறிப்போய் அதன் வயிற்றைத் திறந்து ஒரு கம்பியைப் பற்றவைத்தார்கள். ஞாயிறுகள் ஓடின.

ஆனால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பொறுக்க முடியாமல், யாருக்கும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தவனுக்குப் போகக் கூடாது என்ற நியாயமான முடிவுக்கு வந்தார்கள். வெளி ஆளுக்கு விற்றுவிடலாம் என்றார்கள். மறுக்க அவளிடம் சாக்கு மிச்சமில்லை. கொழுந்தன் படம் எடுத்து இணையத்தில் போட்டான். அவளுடைய மகள் போனில், "நல்லதாப் போச்சு" என்றாள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒருவர் பார்க்க வருகிறார்.

அவர் வருவதற்கு முன்னால் பின்னறையில் கசமுச என்று பேச்சு நடந்தது. டீ தட்டோடு கதவருகில் போனவள் அப்படியே நின்றாள்.

"அந்த இடுக்கியைக் கழட்டிடாதீங்க டாக்டர்" என்று பிரேக்கின் குரல். "அது இருக்கிற வரைக்கும்தான் அந்த இடம் வெளிய தெரியாது."

"எனக்குச் சொல்றியா? நீ எனக்கு வித்தப்ப அந்த இடத்தைத் தாண்டித் தாண்டி வாசிச்சுக் காட்டினவன்தானே."

"நீங்க மட்டும் என்னவாம்? எனக்கு வித்தப்ப முழுப் பாட்டையும் கீழ்த் தந்தியிலயே முடிச்சீங்க."

அவள் உள்ளே போய்த் தட்டை வைத்தாள். பேஸின் தலைப்பக்கத்தில், தந்திகளை முறுக்கும் திருகுகளுக்குப் பின்னால், திருகு வைத்த ஒரு பித்தளை இடுக்கி கவ்விக்கொண்டிருந்தது. அது அவளுடையது. சாப்பாட்டு மேசை விரிப்பு காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலைக்கும் வாங்கிய நாலில் ஒன்று. போன வருடம் காணாமல் போனது. தேடாத இடமில்லை. கணவரும் கூடவே குனிந்து, கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து அக்கறையாகத் தேடினார்.

"தம்பி, அந்த இடம்னா என்ன?"

கொழுந்தன் மற்ற இருவரையும் பார்த்தான். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னான். "மெல்லிசான தந்தியில, கழுத்துல ஆறாவது பட்டைகிட்ட ஒரு சுரம் நிக்காது அண்ணி. அடிச்ச உடனே அணைஞ்சிடும். அந்த மரம் அப்படி, யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. தலையில கொஞ்சம் கனம் வெச்சா சரியாயிடும்னு அண்ணன்தான் கண்டுபிடிச்சுது."

அப்படியானால் அவர் கை படியாதவர் இல்லை. போன வருடம் படிந்ததும் கை இல்லை. அவள் டீயை எடுத்துக் கொடுத்தாள்.

வந்தவர் தாடி வைத்த இளைஞர். சொந்தமாக ஒயர் கொண்டுவந்திருந்தார். பேஸை மடியில் வைத்து, காதை மரத்தில் ஒட்டி, மோந்தும் பார்த்தார். பிறகு வாசித்தார். நன்றாகவே வாசித்தார், இவர்கள் நாலு பேரையும் சேர்த்துப் பிழிந்தாலும் வராத கை. எல்லாச் சுரமும் கணீரென்று நின்றது. மூவர் முகத்திலும் பெருமையும் வயிற்றெரிச்சலும் மாறி மாறி வந்துபோயின.

"எடுத்துக்கறேங்க" என்றார் தாடிக்காரர். "பெட்டி இருக்கா?"

கொழுந்தன் பெட்டியை எடுக்கத் திரும்பினான். அந்தப் பெட்டி மூடும் ஓசை அவளுக்கு முன்கூட்டியே காதில் கேட்டது. அதற்குப் பிறகு வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளும் கேட்டன. அதாவது, ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு நிமிஷம் தம்பி" என்று அவள் தாடிக்காரர் முன்னால் வந்தாள். "தலையில இருக்கிறது என் சாப்பாட்டு மேசை இடுக்கி. அது மட்டும் எனக்கு வேணும்."

"அக்கா, அது கிடக்கட்டுமே" என்றார் பிரேக் அவசரமாக.

"மூணு மூலையில மாட்டி ஒரு மூலை பறக்குது." மூக்குக் கண்ணாடிக் கடையில் திருகாணிகளோடு காலம் தள்ளியவள்; இரண்டு சுற்றில் இடுக்கி கையோடு வந்துவிட்டது. "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு வாசிங்க. எங்க வீட்டுக்காரர் வாசிக்கிறது. மெதுவா, மெல்லிசான தந்தியில ஏறி ஏறிப் போகும்." அவள் முனகிக் காட்டினாள். அவள் முனகுவதை மூவரும் அன்றுதான் முதல்தடவையாகக் கேட்டார்கள்.

தாடிக்காரர் கேட்டு, புரிந்துகொண்டு, வாசித்தார். ஏறினார். ஏறினார். அந்த இடத்தில் பொட்டென்று அணைந்தது.

திரும்ப அடித்தார். அணைந்தது. பக்கத்துப் பட்டையில் அடித்தார், நின்றது. மறுபடி அங்கே, அணைந்தது.

"இது எப்பவுமே இப்படித்தானா?"

பல் டாக்டர் சன்னல் வழியே வெளியே எதையோ தேடினார். பிரேக்கின் வலது கால் தரையை அழுத்தியது.

"எப்பவுமே இப்படித்தாங்க" என்றாள் அவள். "சொல்லாம விக்கிறது தப்பில்லையா?"

இளைஞர் மரியாதையாக ஒயரைச் சுருட்டிக்கொண்டு, இப்படி உண்மை பேசி விற்பவர்களைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இனிமே இதை யாரு வாங்குவா அண்ணி?" பல் டாக்டருக்கு முகம் தொங்கிப்போயிருந்தது.

"வாங்க மாட்டாங்கதான்."

"உங்களுக்கு அந்த இடம் எங்கேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நடுவுல சுவர் ஒண்ணுதானே டாக்டர்." அவள் காலி டம்ளர்களை எடுத்தாள். "எப்பவாவது விக்கிறதா இருந்தா முதல்ல உங்களைத்தான் கேப்பேன்."

"அப்ப நானு?" என்றார் பிரேக்.

"உங்களையும் முதல்லதான்."

போன் அடித்தது. மகள். "என்னம்மா, போயிடுச்சா?"

"இல்லம்மா. சரக்குல குறை இருக்கு. மறைச்சு விக்க மனசு வரல."

"உன்னை வெச்சுக்கிட்டு ஒரு வியாபாரம் பண்ண முடியாதும்மா."

"முடியாதுதான்" என்று ஒப்புக்கொண்டு போனை வைத்தாள். இடுக்கியை மேசையின் நாலாவது மூலையில் மாட்டினாள். அங்கே காற்றே இல்லை.

பின்னறையில் ஆம்ப்ளிஃபையர் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று கொழுந்தன் பேஸை எடுத்து, அண்ணனின் பாட்டைத் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தான். பிரேக் அடக்கமாகக் குச்சியால் தட்டினார். டம்ளர்கள் கிணுகிணுத்தன. பாட்டு ஏறி, அந்த இடத்துக்கு வந்து, பொட்டென்று அணைந்தது. ஒரு நொடி அமைதி. திரும்ப ஆரம்பித்தது.

அவள் குழாயை மூடினாள்.

"மறுபடியும் முதல்லேருந்தா?"

அங்கே சத்தம் சட்டென்று நின்றது. கொழுந்தன் கதவிடுக்கில் தலையை நீட்டினான். "மன்னிச்சுக்குங்க அண்ணி. கஷ்டமா இருந்தா நிறுத்திடறோம்."

"நிறுத்தவா சொன்னேன்?" என்றாள் அவள். "முதல்லேருந்தான்னுதானே கேட்டேன்."