ஓரத்தில் கறுப்பு மை

மலேசியாவில் கோப்பெங்குக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் சன்னலோரமாக ஒரு மர அலமாரி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு தடுப்பு என்று பிரித்து, வருகிற தபாலை அதில்தான் போடுவார்கள். எழுபத்தொன்பதில் அது நிரம்பி, புதுக் கடிதம் செருக இடமில்லாமல் போயிற்று. பழையதையெல்லாம் கட்டி ஸ்டோருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் மானேஜர்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பஞ்சலிங்கத்துக்கு இது கரும்பு தின்னக் கூலி. மேசையில் பேனா கோணலாகக் கிடந்தாலே அவருக்குச் சோறு இறங்காது. தோட்டம் மாறிப் போனவர்கள், வேலை பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள், இவர்களுக்கு வந்த கடிதங்களை வருஷவாரியாக அடுக்கிச் சணலால் கட்டி, பிஸ்கட் டின்களில் போட்டு மூடினார். கடைசித் தடுப்பில் ஒன்று மிஞ்சியது. அதை எடுக்க மட்டும் கை தயங்கியது.

முனையில் கறுப்பு மை தடவிய கடிதம். சாவுச் செய்தி. வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. மேலே செல்லாயியின் பெயர் மட்டும்; அனுப்பியவர் பெயர் இல்லை. அவள் புருஷன் மாயாண்டி பெர்மிட் இல்லாமல் எழுபதில் ஊர் திரும்பியவன். இரண்டு வருஷம் கழித்து இது வந்தது. பஞ்சலிங்கம் நீட்டியபோது செல்லாயி முனையைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது அங்கயே கெடக்கட்டும் கிராணி ஐயா. படிச்சாத்தானே சாவு?"

பிறகு அவள் அதைக் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. தினமும் குங்குமம் வைத்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போனாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று பஞ்சலிங்கத்துக்கு எரிச்சல்தான் வந்தது. போகப் போக அந்தக் குங்குமத்துக்கு அவரும் காவல்காரராகிவிட்டார்.

இப்போது வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"செல்லாயி, இனி இங்க வைக்கேலாது. என்ன செய்ய?"

"ஆவணியில மவ கல்யாணம் ஐயா. பெத்தவ நாந்தான் ஆலாத்தி எடுக்கணும். அது வரைக்கும் வச்சிருங்க. அப்புறம் நானே வாரேன்."

கடிதத்தைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

கல்யாணம் புந்தோங் கோயிலில் நடந்தது. தலை நிறையப் பூவோடு செல்லாயி ஆலாத்தி சுற்றியதைப் பஞ்சலிங்கம் பார்த்தார்.

கல்யாண அலைச்சல் ஓய்ந்ததும் அவள் ஆபீசுக்கு வந்தாள். பூ இல்லை, வளையல் இல்லை, நெற்றி வெறுமையாக இருந்தது. படியேறாமல் வெளியே நின்றாள்.

"படிங்க ஐயா. அவருக்கு நான் அழவே இல்ல. இப்ப அழுதுக்கிறேன்."

அவரும் வாசலுக்கு இறங்கி வந்து உறையைக் கிழித்தார். முதல் வரியை இரண்டு முறை பார்த்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

'செல்லாயிக்கு மாயாண்டி எழுதிக்கொண்டது. அம்மா மார்கழியில் தவறிப்போய்விட்டாள். இனி எனக்கு இங்கே யாருமில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. பதில் வராவிட்டால் உனக்கு மனமில்லை என்று தெரிந்துகொள்கிறேன்.'

செத்தது யார் என்று கறுப்பு மை சொல்லாது. ஊருக்கெல்லாம் கடிதம் படித்துக் கொடுக்கும் பஞ்சலிங்கத்துக்கே அது தோன்றவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

செல்லாயி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை.

"அப்ப உசிரோடதான் இருந்திருக்காரு" என்றாள். "நாந்தான் பதில் சொல்லல."

"இப்ப எழுதுவமா?"

அவள் அந்தக் கடிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

"மவ கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு எழுதுங்க. நல்ல சேதி. மூலையில மஞ்சத் தடவணும்" என்று சொல்லிவிட்டு லயத்தை நோக்கி நடந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் இருந்தது. நெற்றியில் குங்குமமும் இருந்தது.

"பதில் வந்தா வைக்க அந்தத் தடுப்புல எடம் இருக்கா ஐயா?"

"இருக்கு" என்றார் பஞ்சலிங்கம்.