ராமாபுரத்துக்கு யார் போவது?

விக்டோரியா பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள். முப்பத்தெட்டு வயதில் சென்னைக்குப் போய், தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து சமூகப்பணி படித்துவிட்டு மைசூருக்குத் திரும்பினாள். ஹெப்பாள் பக்கம் ஒரு தொண்டு சங்கம் நாற்பது படுக்கையோடு காசநோய் மருத்துவமனை நடத்தியது. அங்கே சமூகப்பணியாளர் என்று இருந்தது அவள் ஒருத்திதான். ஆனாலும் எல்லோரும் அவளைப் பழையபடி 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள்.

மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு ஓடிப்போகிறவர்களைத் திரும்ப அழைத்து வருவது அவள் வேலைகளில் முக்கியமானது. கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலருக்குத் தமிழ்தான் வாய்க்கு வரும். விக்டோரியா பஸ் ஏறிப் போனால் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

1958 ஆவணியில் சங்கம் அவளைத் தலைமைச் சமூகப்பணியாளர் ஆக்கியது. அவளுக்குக் கீழே இஸ்ரவேல் வந்து சேர்ந்தான். முப்பது வயது. பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்பைப் படித்தவன்.

"இனிமே நீங்க அலையக் கூடாது சிஸ்டர்" என்றார் சங்கத் தலைவி கமலம்மாள். "ஆளை அனுப்புங்க. அதுக்குத்தானே தலைமை?"

விக்டோரியா தலையாட்டினாள். ஆனாலும் மூன்று மாதம் அவளேதான் போய்வந்தாள். இஸ்ரவேல் மேஜையில் உட்கார்ந்து படிவம் எழுதினான்.

கார்த்திகையில், கொள்ளேகால் தாலுகா ராமாபுரத்திலிருந்து வந்து சிகிச்சையில் இருந்த சித்தையன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். கேழ்வரகு அறுவடை, வீட்டில் மனைவி மாதேவியும் கைக்குழந்தையும் மட்டும். கடைசியாகப் பார்த்த சளியில் கிருமி இல்லை. ஆனாலும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். அன்று விக்டோரியாவுக்குச் சங்கக் கூட்டம் இருந்ததால் வேறு வழியில்லாமல் இஸ்ரவேலை அனுப்பினாள்.

அவன் ராமாபுரத்தில் இறங்கினான். பழனிமுத்துவின் டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, "காசநோய் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கேன். சித்தையன் வீடு எதுங்க?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். சித்தையனுக்கு என்ன நோய் என்று அதுவரை ஊருக்குத் தெரியாது. மறுநாளே கிணற்றடியில் மாதேவியைக் கண்டு பெண்கள் விலகிப் போனார்கள். கதிர் அறுக்க ஒருவரும் வரவில்லை. சித்தையன் இஸ்ரவேலின் முகத்தைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டான்.

செய்தி கமலம்மாளுக்கு எட்டியது. "இஸ்ரவேலை வேலையை விட்டு நிறுத்திடலாம்" என்றார்.

விக்டோரியாவுக்குத் தன் பயணங்கள் நினைவுக்கு வந்தன. அவள் எந்த ஊருக்குப் போனாலும் நோயின் பேரை எடுக்க மாட்டாள். மைசூரிலிருந்து வந்த தெரிந்தவள் என்று மட்டும் சொல்லி வீட்டைக் கேட்பாள். அனுபவத்தில் கற்றது. அதை இஸ்ரவேலிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"தப்பு என்னோடதும்மா. தெரிஞ்சதையெல்லாம் நானே வச்சுக்கிட்டேன். அவருக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலை. நாங்க ரெண்டு பேரும் போய்ப் பார்க்கிறோம்."

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினார்கள். ஊர்ப் பெரியவர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசுவது என்று விக்டோரியா வழியெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள்.

மாதேவி வாசலிலேயே நிறுத்தினாள். "ஏனுங் சார், மறுபடியும் எதுக்குங்க வந்தீங்க? என் கொடத்தைக் கண்டா கெணத்தை உட்டே நகந்துக்கறாங்க. இன்னும் என்னத்தைச் சொல்லோணும் ஊருக்கு?"

இஸ்ரவேல் கை கூப்பினான். "தப்புப் பண்ணிட்டேன்மா. நான் கெடுத்ததை நானே சரி பண்ணணும். உங்க வீட்டுக்காரரை என்கூட டீக்கடை வரைக்கும் அனுப்புங்க."

வேண்டாம் என்ற சொல் விக்டோரியாவின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த சித்தையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "இனிக் கெடறதுக்கு என்ன இருக்குதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

அவர்கள் வந்ததும் கடையில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். பழனிமுத்து இஸ்ரவேலுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தான். சித்தையனுக்கு நசுங்கிய தகரக் குவளையில் ஊற்றி, எட்ட வைத்தான். சித்தையன் ஒரு வாய் குடித்தான். இஸ்ரவேல் அந்தக் குவளையை அவன் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைத் தான் குடித்துவிட்டு, தன் கிளாஸை அவனிடம் நீட்டினான்.

கடைக்கு வெளியே நின்ற விக்டோரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால் ஓர் அடி முன்னால் போயிற்று. அப்படியே நின்றுகொண்டாள்.

"ஏனுங், உங்களுக்குப் பயமில்லீங்களா?" என்றான் பழனிமுத்து.

"இது குவளையில வர்ற நோய் இல்லைங்க. இருமல்ல வர்றது. இவருக்கு இப்ப கிருமி இல்லை. மருந்தை விட்டாத்தான் பயம்."

அப்புறம் ஒரு மணி நேரம் வகுப்பே நடந்தது. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிப் பழகிய வாய். எந்த இருமலைக் கவனிக்க வேண்டும், சளியை எங்கே துப்பக் கூடாது, மாத்திரை எத்தனை மாதம் என்று கேள்வி கேட்டுக் கேட்டுச் சொன்னான். கடைசியில் பழனிமுத்துவே தயங்கித் தயங்கி, "எங்க மாமனாருக்கு ரெண்டு மாசமா இருமலுங்க" என்றான்.

இப்படி ஒரு வழி தனக்குத் தோன்றியிருக்காது என்று விக்டோரியா நினைத்தாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. கிணற்றடியில் இரண்டு பெண்கள் தை மாதம் வரைக்கும் மாதேவியோடு பேசவில்லை. ஆனால் அந்த வாரமே பங்காளிகள் ஆறு பேர் வந்து கதிர் அறுத்துக் கொடுத்தார்கள். சித்தையன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். அவனோடு பழனிமுத்துவின் மாமனாரும் வந்தார்.

அதிலிருந்து திங்கட்கிழமை தோறும் ஒரு மணி நேரம் விக்டோரியா கதவைச் சாத்திவிட்டு இஸ்ரவேலோடு உட்கார்ந்தாள். எந்த ஊரில் என்ன செய்தோம், எங்கே சறுக்கினோம் என்று இருவரும் ஒளிக்காமல் பேசினார்கள். அடுத்த வருஷம் டோரதி என்ற பெண் வேலைக்கு வந்தபோது அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். 1960-ல் சங்கம் கொள்ளேகாலில் ஒரு கிளை திறந்தது. அதற்கு யார் பொறுப்பு என்று கமலம்மாள் கேட்டதும், விக்டோரியா யோசிக்காமல் இஸ்ரவேல் பேரைச் சொன்னாள்.

அவன் கொள்ளேகாலுக்குக் கிளம்பிய அன்று மாலை அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் புறப்பட்டாள். தேவராஜ மார்க்கெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கனகாம்பரம் இரண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வெயில் தாழ்ந்து இதமாக இருந்தது. அவசரம் ஒன்றும் இல்லாததால் நடந்தே போனாள்.