செல்ஃப் எடுக்கும், ஸ்டார்ட் ஆகாது

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையிலிருந்து அந்தச் சிவப்புக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அன்று மத்தியானத்துக்குள் டிரைவர் ஆண்டி திருடனாகிவிட்டார்.

நடுவில் நடந்தது இவ்வளவுதான். காரின் சொந்தக்காரன், போர்வெல் ரிக் முதலாளி ஜெயபிரகாஷ் தனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவனைக் கூட்டிவந்து பானெட்டைத் திறந்து காட்டினான். அவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இக்னிஷன் காயில் ஒரிஜினல் மாதிரி தெரியலீங்களே. யாரோ கழட்டிட்டு ஓட்டை ஒண்ண மாட்டி வுட்டிருக்காங்க" என்றான். காரைக் கழுவித் துடைப்பதும், அவ்வப்போது ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்துவதும் ஆண்டியின் வேலை. சாவியும் அவரிடம்தான் இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஷெட்டில் இருந்த எல்லோர் காதிலும் விழும்படி ஜெயபிரகாஷ் பேசினான். பேசி முடித்து, "போலீசுக்கெல்லாம் போகல. வயசான ஆளு, போனாப் போகுது. இனி கேட்டுக்குள்ள கால் வெக்க வேண்டாம்" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டான். அந்தப் பெருந்தன்மைதான் ஆண்டியைச் சாய்த்தது. போலீஸ் என்றால் இல்லை என்று சொல்வதற்கு ஓர் இடமாவது இருந்திருக்கும். மன்னித்து அனுப்பப்பட்டவன் எங்கே போய் என்ன சொல்வது?

அவருடைய மகள் சௌமியா நாமக்கல்லில் ஒரு லாரி சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறாள். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவள். அந்தக் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மளிகைக்கடைக்காரர்தான், சர்க்கரையைப் பொட்டலம் மடித்துக்கொண்டே, "உங்கப்பனுக்கு இந்த வயசுல இது தேவையா கண்ணு?" என்று கேட்டார். சௌமியா சர்க்கரையை வாங்காமல் வந்துவிட்டாள்.

அப்பாவிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டரையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு, "வாப்பா, போலாம்" என்றாள்.

"எங்க சாமி?"

"அந்த வண்டி எதுக்கு ஸ்டார்ட் ஆகலைன்னு பாக்க."

சங்ககிரி ரோட்டில் இருந்தது ஷெட். போர்வெல் குழாய்கள் ஒருபக்கம் அடுக்கியிருக்க, இன்னொரு பக்கம் வெல்டர் சென்னிமலை கண்ணாடி மாட்டிக்கொண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். கூட இன்னும் நாலைந்து பேர். ஆண்டி கேட்டுக்கு வெளியே மொபெட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொல்லாமல் வரமாட்டாராம். அப்பாவின் இந்த ஒழுங்கு சௌமியாவுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

ஜெயபிரகாஷ் டிராயரும் பனியனுமாக வந்தான். அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆண்டி அவனுடைய அப்பாவிடம் லாரி ஓட்டிய காலத்திலிருந்தே அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அப்போது அவன் அரைக்கால் சட்டை போட்ட பையன்.

"ஏம்மா, நீ லாரி பாக்கற புள்ள. இது ஸ்போர்ட்ஸ் காரு. ரெண்டே சீட்டு. நீ பொறக்கறதுக்கு முந்தியே ஜப்பான்ல இருந்து வந்த வண்டி."

"பழசுன்னா சுலபமுங்க. கம்ப்யூட்டர் கம்மி."

"எதையாச்சும் ஒடச்சு வெச்சயின்னா?"

"அதையும் எங்கப்பன் தலையிலயே எழுதிக்குங்க. அங்கதான் எடம் இருக்குதே."

வெல்டிங் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. ஜெயபிரகாஷ் சிரித்து, சாவியை நீட்டினான். "பாரு, பாரு. ஓசியில பாக்கறேங்கறே, நான் எதுக்கு வேண்டாங்கறேன்?"

பானெட்டின் மேல் பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. சௌமியா உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். செல்ஃப் நன்றாகவே அடித்தது. இன்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவேயில்லை. அப்படியானால் பேட்டரியில் குறையில்லை. இறங்கி வந்து, பெட்ரோல் குழாயைத் துணி சுற்றித் தளர்த்தினாள். பெட்ரோல் சீறிக்கொண்டு வந்தது. அதிலும் குறையில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, இன்ஜின் மேல் படும்படி வைத்தாள்.

"சாவியத் திருப்புங்க."

"நானா?"

"வேற ஆளில்லீங்களே. இருந்த ஆள வெளிய நிறுத்தி வெச்சிருக்கறீங்க."

அவன் உட்கார்ந்து திருப்பினான். இன்ஜின் சுற்றியது. பிளக்கின் நுனியில் பொறி இல்லை. ஒரு சின்னப் பொறிகூட இல்லை.

கோளாறு கரண்டில்தான். இன்ஜின் எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. அது சொன்னால்தான் காயில் பொறி விடும். காயில், சென்சார் இரண்டும் இன்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத சந்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சௌமியா வயிறு பானெட் விளிம்பில் அழுந்தக் குனிந்து கையை விட்டாள்.

விரலில் பிளாஸ்டிக் பட்டது.

டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தாள். சென்சாரின் சாக்கெட்டைச் சுற்றி ஒரு பால் கவர். கவரின் வாயைச் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பரால் இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றை அடியில் விட்டு இழுத்துக் கட்டியிருந்தது. வீட்டில் தண்ணீர்ப் பைப்பும், மொபெட்டின் ஹேண்டில் பாரும், அவள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன பெட்டியும் கட்டப்பட்டது இப்படித்தான். அப்பாவைத் தவிர வேறு யாரும் இப்படி முடிச்சுப் போட்டு அவள் பார்த்ததில்லை.

காயிலுக்கு ஒரு விரல்கடை தள்ளி அப்பாவின் கை வந்திருக்கிறது.

எதற்காக வந்தது? யோசிக்கக்கூட இல்லை. முடிச்சை அவிழ்த்து, கவரை உருவி, சுருட்டி ஜீன்ஸ் பாக்கெட்டில் செருகினாள். அதன் பிறகுதான் டார்ச்சைக் காயில் பக்கம் திருப்பத் தைரியம் வந்தது. போல்ட்டுகளின் தலையில் பல வருஷத்துத் துரு, ஓரத்தில் அழுக்கு. ஸ்பேனர் பட்ட தடம் கிடையாது. இந்தக் காயிலை யாரும் கழற்றவே இல்லை. அந்த எலெக்ட்ரீஷியன் ஒரு நிமிஷம் குனிந்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

சாக்கெட்டை உருவினாள். உள்ளே மூன்று பின்களிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, மஞ்சள் தண்ணீரின் கறையோடு. எல்லாம் புரிந்துவிட்டது. பூசைக்கு முன்னால் அப்பா லாரியைக் கழுவுகிற மாதிரியே இன்ஜினுக்குள் பம்ப் வைத்துத் தண்ணீர் அடித்திருக்கிறார். பழைய டீசல் இன்ஜினை அப்படிக் குளிப்பாட்டினால் ஒன்றும் ஆகாது. இதில் ஒயர் இருக்கிறது, நனையக் கூடாது என்று தோன்றிக் கவரும் கட்டியிருக்கிறார். கட்டிய கவரில் தண்ணீர் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு மஞ்சள் தண்ணீரும் தெளித்திருப்பார்கள்.

பின்களைச் சுரண்டி, ஸ்ப்ரே அடித்து, காயவைத்து மாட்டினாள். பிளக்கையும் குழாயையும் பழையபடி இறுக்கினாள்.

"இப்பத் திருப்புங்க."

இன்ஜின் ஒரு உறுமலோடு பிடித்துக்கொண்டது.

"அடேங்கப்பா!" ஜெயபிரகாஷ் கூரை இல்லாத காரின் கதவைத் தாண்டிக் குதித்து இறங்கினான். "என்னதான் பிரச்சினை?"

"சென்சார் பின்னுல பச்சை புடிச்சிருந்துச்சு. பழைய வண்டி, அப்பிடித்தான் ஆகும்." சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "காயில் போல்ட்ட இங்க வந்து பாருங்க. துரு அப்பிடியே இருக்குது. யாரும் தொடவே இல்ல."

அவன் குனியவில்லை. "செரி விடு. ஆண்டி! நாளையிலிருந்து வேலைக்கு வந்துரு."

"அவ்வளவுதானுங்களா?"

"வேறென்ன?"

"திருடன்னு சொன்னீங்களே, அது?"

"யாரு சொன்னா? சந்தேகம்னுதானே சொன்னேன்."

இன்ஜின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஆண்டி கேட்டுக்குள் வந்திருந்தார். இப்போது கூப்பிட்டாயிற்றல்லவா, அதனால். காரின் பக்கத்தில் வந்து, முகமெல்லாம் மலர, மகளைப் பார்த்தார்.

"பின்னாடி ஒரு சாக்கெட்டுல பால் கவரு கட்டியிருந்தனே சாமி, அது நனையாம இருந்துச்சா?"

ஜெயபிரகாஷ் திரும்பிப் பார்த்தான். "என்ன கவரு?"

சௌமியா சர்வீஸ் சென்டரில் மேனேஜர் தப்பை மறைத்து ரிப்போர்ட் எழுதச் சொன்னால் சண்டைக்குப் போகிறவள். இங்கே பாக்கெட்டுக்குள் கையை விட்டு, கவரையும் ரப்பரையும் எடுத்துக் காரின் மேல் வைத்தாள். கவரின் மடிப்பில் இன்னும் ஈரம் இருந்தது. ஆண்டி அதை எடுத்து விரித்துப் பார்த்தார். முப்பது வருஷம் வண்டியோடு புரண்டவர், அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதனாலயா?"

"ஆமாப்பா."

"பாத்தியா!" ஜெயபிரகாஷ் கையைத் தட்டினான். "கெடுத்தது நீதான். அதுக்குள்ள உம்பொண்ணு என்னைய நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறா."

ஆண்டி கவரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "தண்ணி அடிச்சது நானுங்க. கவரக் கட்டுனதும் நாந்தான். அதுக்கு என்ன திட்டுனாலும் கேட்டுக்கறேன். ஆனா திருடலைங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். என்ற வண்டி நின்னுச்சல்லோ?"

"கெடுத்தது வேறங்க. திருடுனது வேறங்க." குரல் உயரவில்லை. "அன்னைக்கு இதே எடத்துல நின்னு, இத்தன பேரு கேக்கச் சொன்னீங்க. இன்னைக்கும் இங்கயே நின்னு சொல்லிப்போடுங்க."

வெல்டிங் நின்றுபோயிருந்தது. சென்னிமலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். ஜெயபிரகாஷ் போனை எடுத்தான், பார்த்தான், வைத்தான். குனிந்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

"செரி. எடுக்கல. போதுமா?" யாரையும் பார்க்காமல் சொன்னான்.

ஆண்டி திரும்பினார். "சென்னிமலை, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கண்ணா."

"அப்ப நான் வாரேனுங்க."

"நாளைக்கு நேரத்துல வந்துரு."

"இல்லீங்க. வேலைக்கு வரலீங்க."

இருவரும் கேட்டுக்கு வெளியே வந்தார்கள். சௌமியாவுக்குள் ஏதோ கொண்டாட்டம் பொங்கியது. அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. ஆண்டி மொபெட்டின் ஸ்டாண்டை எடுக்காமல் நின்றார்.

"கவரு எதுக்கு சாமி உன்ற பாக்கெட்டுல இருந்துச்சு?"

"உன்னயக் காப்பாத்தத்தான்பா."

"நான் பண்ணுன தப்புல இருந்தா, பண்ணாத தப்புல இருந்தா?"

ரிக் லாரி ஒன்று குழாய்கள் குலுங்கக் கடந்துபோனது. அது போய் முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"நீயும் நான் எடுத்திருப்பேன்னு நெனச்சியா?"

இல்லப்பா என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்ப வேண்டும் என்றுதான் கேட்டார்.

"முடிச்சப் பாத்தப்ப நெனச்சேன்பா. போல்ட்டப் பாக்கற வரைக்கும்."

ஆண்டி தலையை மெல்ல ஆட்டினார். கோபம் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள்.

"செரி. ஏறு," என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். எப்போதும் பிடிக்கிற அவர் சட்டையைப் பிடிக்கக் கை போகவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி முதல் மிதியிலேயே ஸ்டார்ட் ஆனது.