தொப்பி போட்ட தவளைகள்

என் கணவர் அன்றைக்கு ஏழு தவளைகளைக் காப்பாற்றினார். எட்டாவது தவளை குமிழிக்குள் உட்கார்ந்தபடியே திரையின் உச்சியில் போய் முட்டி, தொப்பி பறக்க மறைந்துபோனது. அவர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார், யாரோ மறந்து விட்டுப்போன பொருளை எடுத்து வைப்பது மாதிரி.

"போதும். இந்த வயசுல தவளை புடிக்கவா நான் பொறந்தேன்?" என்றார்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதில் இருக்கும் கொடுமை புரியும். வணிக வளாகத்தில் லிஃப்டுக்குப் பக்கத்துக் கடை எங்களுடையது. முன்னால் கண்ணாடிக் கவுன்டரில் நான். கவர், சார்ஜர், ஸ்க்ரீன் கார்டு, வாய்ப்பேச்சு எல்லாம் என் இலாகா. தடுப்புக்கு அந்தப் பக்கம், மைக்ரோஸ்கோப்பும் விளக்கும் வைத்த மேசையில் அவர். தண்ணீரில் விழுந்த போன், கார் ஏறிய லேப்டாப், மூன்று கடைகளில் கைவிரித்து அனுப்பியவை எல்லாம் அவர் மேசையில் எழுந்து உட்காரும். அதனால் வளாகம் முழுக்க அவருக்கு 'டாக்டர்' என்றுதான் பெயர். அந்த டாக்டருக்குப் பிடிக்காத ஒரே வியாதி கேம். சார்ஜ் நிற்கவில்லை என்று யார் வந்தாலும், உள்ளே என்ன கேம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். ஒருமுறை டை கட்டிய வங்கி மேனேஜரிடமே, "மிட்டாய் அடுக்கறதுக்கா சார் இவ்ளோ பெரிய போன்?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நான்தான் பாதி விலைக்கு ஒரு கவரைக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினேன்.

அது நடந்தது நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு காலை நேரம். அன்றைக்கு அவர் திறந்து வைத்திருந்தது என்னுடைய போனை. ஊரார் போனெல்லாம் ஒரு மணி நேரத்தில் சரியாகும். பெண்டாட்டியின் போன் மட்டும் எட்டு மாதமாக வயரை வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். நான் நச்சரித்து நச்சரித்துக் கடைசியில் அன்றுதான் மனம் இறங்கியிருந்தார். சார்ஜ் ஏறும் இடத்தை மாற்றி முடித்துவிட்டார், மூடுவது மட்டும்தான் பாக்கி. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளைக் காகிதத்தில் போனின் உருவத்தை வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே வைப்பார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்றிரண்டு மட்டும் அரை மில்லிமீட்டர் நீளம் கூடுதல். இடம் மாற்றி முறுக்கினால் அது போர்டையே துளைத்துவிடும். அன்றைக்குக் காகிதத்தில் பதினொரு ஸ்க்ரூ இருந்தது. ட்வீசர் தரையில் விழுந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். குற்றம் அதன் பேரில்தான் என்பதுபோல ட்வீசரையே முறைத்துக்கொண்டிருந்தார். "என்னங்க?" என்றேன். பதிலாக வந்தது வார்த்தையாக இல்லை.

போன் ரிப்பேர் செய்யும் எதிர்க் கடைக்காரர் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து காரை எடுத்தார். பக்கவாதம், நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பியது, கால் ஒரு மாதத்தில். வலது கை மட்டும், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி, என்ன அழைத்தும் வரவில்லை. பாதியில் நின்ற வாடிக்கையாளர் போன்களை எல்லாம் எதிர்க் கடைக்காரரே முடித்து உரியவர்களிடம் சேர்த்தார். என் போனை மட்டும் நான் கொடுக்கவில்லை. ஸ்க்ரூ வைத்த காகிதத்தின் மேல் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்தேன். மைக்ரோஸ்கோப்புக்கு உறை போட்டேன். ஏன் கொடுக்கவில்லை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. பட்டன் போன் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தவளைகளைக் கொண்டுவந்தது பிசியோதெரபி பெண். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் எந்நேரமும் ஒரு பையுமாக வருவாள். பையிலிருந்து பட்டன், துணி கிளிப், களிமண் உருண்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இவர் எதையும் தொடவில்லை. கடைசியில் அவள் டேப்லெட்டை நீட்டினாள். "சார், உங்க கை இருபது வருஷமா கண்ணாடியத் தொட்டுப் பழகின கை. அதுக்குப் புடிச்சதையே குடுப்போம். கேம்னு நெனைக்காதீங்க, மருந்துன்னு நெனைங்க" என்றாள். குமிழிக்குள் ஒரு தவளை உட்கார்ந்து மேலே போகும். விரலால் தொட்டால் குமிழி உடைந்து தவளை குதித்துத் தப்பிக்கும். ஒவ்வொரு லெவலுக்கும் அவற்றுக்கு ஒரு புதுத் தொப்பி. அவ்வளவுதான் விளையாட்டு.

ஒன்பதாவது லெவலில் அவர் மாட்டிக்கொண்டார். மூன்று வாரமாக அதே லெவல், அதே வைக்கோல் தொப்பி. அந்தச் சமயத்தில்தான் எதிர்க் கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு கடை போடறேன். அந்த மேசையும் மைக்ரோஸ்கோப்பும் சும்மாதானே கெடக்கு? டாக்டர் கை பட்டதுன்னா எனக்கும் ஒரு ராசி. அவசரமில்ல, அடுத்த மாசக் கடைசியில சொன்னாப் போதும்."

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் காலையில் அவர் காரை எடுத்திருக்காவிட்டால் எனக்குப் புருஷனே இல்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "குடுத்துடு" என்றார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்றைக்கு அதன் பக்கமே போகவில்லை. அந்த மேசை போனால் இந்தக் கை திரும்பி வந்தும் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. வந்து உட்கார அதற்கு ஓர் இடம் வேண்டுமே.

அடுத்த நாள்தான் நான் அந்தத் திருட்டைத் தொடங்கினேன். கடையை மதியம் ஒரு மணிக்கே மூடிவிட்டு வந்துவிடுவேன். சாப்பிட்டதும் மாத்திரையின் அசதியில் அவர் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குவார். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒன்பதாவது லெவலை முடித்தேன். நான்கு மணிக்கு எழுந்து வந்தவர் திரையில் புதுத் தொப்பியைப் பார்த்தார். "காலையில கடைசியா ஆடினீங்களே, அதுலயே முடிச்சிட்டீங்க, கவனிக்கல போல" என்றேன்.  மாலையில் நான் கேட்காமலேயே அவர் டேப்லெட்டை எடுத்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் இரண்டு லெவல், அதற்கு மறுநாள் மூன்று. உண்மையைச் சொன்னால், பாதி அவருக்காக, மீதி எனக்காக. அந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது. நான்கு மாதமாக மருந்துச் சீட்டும் படிக்கட்டும் பயமுமாக இருந்த எனக்கு, நாளுக்கு இரண்டு மணி நேரம் யாரையும் தூக்காமல், யாருக்கும் தைரியம் சொல்லாமல், ஒரு முட்டாள் தவளையைத் திட்டிக்கொண்டு உட்காரக் கிடைத்தது. சில சமயம் சத்தமாகவே சிரித்திருக்கிறேன்.

பத்து நாளில் முப்பத்திரண்டாவது லெவலுக்கு வந்து நின்றபோதுதான் நான் செய்த வினை எனக்கே தெரிந்தது. அங்கிருந்து குமிழி கெட்டியாகிவிடுகிறது. தொட்டால் உடையாது. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளினால்தான் உடையும். ஒற்றை விரலை நீட்டவே ஒரு யுகம் எடுத்துக்கொள்ளும் மனிதரைக் கொண்டுபோய் நான் அங்கே நிறுத்தியிருந்தேன்.

முதல் நாள் ஒரு தவளைகூடத் தப்பவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. "பழைய லெவலையே ஆடுங்களேன்" என்றேன், குரலில் குற்றம் தெரியாமல். "முன்னாடி வந்தாச்சு, இனி எதுக்குத் திரும்பிப் போகணும்?" என்றார். அவருடைய பிடிவாதத்துக்கு மட்டும் வாதம் வந்ததே இல்லை. விரல் நடுங்கும், நெற்றி வியர்க்கும், தவளை அவரைப் பார்த்துக்கொண்டே மேலே போய் மறையும். நான் சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் ஒன்பதிலிருந்து முன்னேறியது எதுவும் அவருடையது இல்லை என்று ஆகிவிடுமே. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள், சாயங்காலம், ஒரே ஒரு தவளை தப்பியது. அவர் என்னைக் கூப்பிடக்கூட இல்லை. நான்தான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று தப்ப ஆரம்பித்தன, மெல்ல லெவலும் நகர்ந்தது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிசியோதெரபி பெண் வந்தாள். ஒரு துண்டுக் காகிதத்தை அவர் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, "புடிங்க சார்" என்று சொல்லிவிட்டு இழுத்தாள். காகிதம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். காகிதம் கிழிந்தது, விரல் விடவில்லை. அவள் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சா? கிள்ளற லெவல் ரெண்டு மாசம் கழிச்சுத்தான்னு இருந்தேன். யாரு உங்கள இங்க கூட்டிட்டு வந்தது?"

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன்.

"நானாத்தாம்மா வந்தேன். எனக்குக் கொஞ்சம் அவசரம் ஜாஸ்தி" என்றார் அவர்.

"எல்லாருக்கும் இப்படிப் பண்ணச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒத்து வந்திருக்கு" என்று சிரித்தாள் அவள். "முழுசாப் பழையபடி வருமான்னு என்னால சொல்ல முடியாது சார். ஆனா வழி தொறந்திருக்கு."

அவள் போனதும் அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. அவர் கேட்டு முடித்தார். பிறகு டேப்லெட்டை எடுத்து, வலது கை விரலாலேயே, மெதுவாக, செட்டிங்ஸைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். எந்த நாள், எந்த மணிக்கு, எந்த ஆப் எத்தனை நிமிடம் ஓடியது என்று கோடு கோடாக இருந்தது. தவளைக்கு நேராக, அந்தப் பத்து நாளும், இரண்டிலிருந்து நான்கு.

"இருபது வருஷமா போன் கடையில உக்காந்திருக்க. இது எழுதி வச்சுக்கும்னு உனக்குத் தோணலையா?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து."

"ஏங்க சொல்லல?" என்றேன்.

அவர் டேப்லெட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் எங்க தூங்கினேன்? நீ அந்த ரூம்ல சிரிச்சது கேட்டுது. எனக்கு இப்படி ஆனதுலேர்ந்து நீ சிரிச்சுக் கேட்டதே இல்ல. கண்ண மூடிட்டுப் படுத்துக் கேட்டுட்டிருந்தேன். அத நிறுத்த எனக்கு மனசு வரல." டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம், நீ கொண்டுபோய் விட்ட எடத்துலேர்ந்து திரும்பி வர வெக்கமாவும் இருந்துச்சு" என்றார்.

யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரில் உட்கார்ந்து அந்தத் தவளைகளுக்குத் தொப்பி போட்டானோ, அவன் நன்றாக இருக்கட்டும். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு, "வா, கடைக்குப் போலாம்" என்றார். பட்டனை நான் போடவில்லை. மூன்றை அவரே போட்டிருந்தார், ஒன்று தப்பான துளையில். வளாகத்தில் லிஃப்டில் இருந்தவர்கள் எல்லாம் "டாக்டர், டாக்டர்" என்றார்கள். அவர் தடுப்பைத் தாண்டிப் போய் மேசையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினார். ஐந்து மாதம் கழித்தும் பதினொரு ஸ்க்ரூவும் அதனதன் இடத்தில் இருந்தன. ட்வீசரை எடுத்தார். முதல் ஸ்க்ரூ பாதி வழியில் விழுந்து காகிதத்தில் உருண்டு இன்னொன்றோடு கலந்தது.  அவர் இரண்டையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, சரியானதை எடுத்தார். கை மறந்ததைக் கண் மறக்கவில்லை.

அது உள்ளே இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்தபோது எதிர்க் கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். என் பதிலைக் கேட்க வந்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்திவிட்டு உள்ளே வந்தார். விளக்கை இவர் பக்கம் இழுத்து வைத்தார். மைக்ரோஸ்கோப்பின் உறையைக் கழற்றி, நாலாக மடித்து, அலமாரியின் மேல் தட்டில், எட்டாத இடத்தில் வைத்தார். "அப்ப நான் வேற பாத்துக்கறேன்க்கா" என்று மெதுவாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னால் கும்பிட மட்டும்தான் முடிந்தது.

ஒன்பது ஸ்க்ரூ ஆயிற்று. பத்தாவதை எடுக்கும்போது விரல்கள் விறைத்துக்கொண்டன. அவர் ட்வீசரை வைத்துவிட்டு மூடியைத் திரும்பக் கவிழ்த்தார்.

"மிச்சம் ரெண்டும் நாளைக்கு."

"எட்டு மாசமும் அஞ்சு மாசமும் காத்திருந்த போனு. ஒரு நாள்ல ஓடியா போயிடும்?" என்றேன்.

அவர் சிரித்து, பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். "முப்பத்தாறு எனக்கு வரவே மாட்டேங்குது. ஆடிக் காட்டேன். இனிமே கதவச் சாத்திக்க வேணாம்."

வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். மழைக்கோட்டுத் தொப்பி போட்ட ஒரு தவளை கீழேயிருந்து கிளம்பியது. அவர் தன் வலது கையை, யாரும் தூக்கி வைக்காமல், என் தோளில் வைத்துக் குனிந்து பார்த்தார். மேசையில் மூடிக்கு உள்ளே, விளக்கு வெளிச்சத்தில், இரண்டு ஸ்க்ரூ அதனதன் இடத்தில் மின்னிக்கொண்டிருந்தன.